சித்திரமும் கைப்பழக்கம்

அவைத்தலைவர் அவர்களே, மன்றச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் லோக்கல் ரயில் நெரிசலில் மாட்டுங்கா வந்து சேர்ந்த தாய்மார்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமார்களே, வணக்கம்.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்றாள் ஔவை. அதற்கு அவள் வயதுக்கணக்கு வைக்கவில்லை. அமெரிக்க ஓவியர் பாட்டி மோசஸின் வாழ்க்கை, படம் போட்ட முறை, அதையொட்டி நம் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை என மூன்றும் சொல்ல வந்தேன்.

1860-இல் பிறந்தவர். 12 வயதில் வீட்டு வேலைக்குப் போனார். பத்துப் பிள்ளை பெற்று ஐந்தைப் பறிகொடுத்தார். கம்பளி நூலில் படம் தைத்த கை மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனது. எழுபத்தைந்துக்கு மேல் தூரிகை எடுத்தார்.

1938-இல் ஹூசிக் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் மருந்துக்கடை ஜன்னலில் அவர் படங்கள் நின்றன. விலை 3 டாலர், 5 டாலர். அவ்வழியே வந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் லூயி கால்டர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே போய்விட்டார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள் இருந்தாள். "பத்துப் படம் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டி வந்து எண்ணினால் ஒன்பதுதான்! மருமகள் கொடுத்த வாக்கு பொய்க்கலாமா, தாய்மார்களே? பெரிய படம் ஒன்றை எடுத்தார், இரண்டாக அறுத்தார், பத்தாக்கிவிட்டார். இரண்டே ஆண்டில், 1940-இல், நியூயார்க் நகரில் தனிக் கண்காட்சி. 101 வயதில் மறையும்வரை போட்டவை 1,500-க்கு மேல். சித்திரமும் கைப்பழக்கம்!

பாட்டி படம் போட்டது ஹார்டுபோர்டில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில். முதலில் ஆளிவிதை எண்ணெய், அது காய்ந்தபின் மினுக்கில்லாத வெள்ளை மூன்று பூச்சு. பூச்சு குறைந்தால் பலகை வண்ணத்தின் எண்ணெயை உறிஞ்சிவிடும், நிறம் செத்துப்போகும். நம் மும்பை மழைக்கு ஓரங்களிலும் பூசுங்கள், இல்லையேல் ஊறி உப்பும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

வானத்தில் தொடங்கி மலை, வீடு, மாடு, கடைசியாக மனிதர் என மேலிருந்து கீழே வருவார். மனிதரை முதலில் போட்டால் அவரைச் சுற்றி வானம் பூச வேண்டும், விளிம்பு நடுங்கும்.

பதினைந்துக்கு எட்டு இடைப்புள்ளிக் கோலம் பிசகாமல் போடும் கைகள் இங்கே எத்தனை! ஃபிளாட் வாசலில் அவற்றுக்குக் கிடைப்பது இரண்டடி. செயலாளர் அவர்களே, நம் கீழ்த்தள அறை பிற்பகல் 2 முதல் 5 வரை பூட்டியே கிடக்கிறது. அறுபது கடந்தவர்களுக்கு அதைத் திறந்துவிடுங்கள். எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றை அறுத்தால் 16-க்கு 24 அங்குலத்தில் 12 துண்டு வரும், பன்னிரண்டு பேர் உட்காரலாம். பலகை நாங்கள் வாங்கித் தருகிறோம். சாவியை மட்டும் கொடுங்கள்.