தனியாகப் பிரித்தெடுப்பது: நுண்ணுயிரியலுக்கு ஓர் அறிமுகம்

(சென்னை சைதாப்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளே, வணக்கம்.

நுண்ணுயிரியல் என்றாலே மைக்ராஸ்கோப் படம் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். இன்றைய அழைப்பிதழிலும் அதுதான் இருக்கிறது. நான் கொஞ்சம் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். மைக்ராஸ்கோப் வந்த பிறகும் இருநூறு வருஷம் இந்தத் துறை படுத்தே கிடந்தது. அதை எழுப்பி உட்காரவைத்தது வேறொரு வித்தை: கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கிருமியைப் பிரித்துத் தனியாக வளர்ப்பது.

முதலில் பார்த்தவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டனி வான் லீவன்ஹூக், ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஜவுளி வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. லென்ஸைத் தானே செய்துகொள்வார்; அவர் செய்தவற்றில் இன்றும் மிஞ்சியிருக்கிற நல்ல லென்ஸ் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அவருக்கு ஒரு சந்தேகம்: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? கிழக்கிலிருந்து கப்பலேறிப் போன மிளகைத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டு, 1676 ஏப்ரலில் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கில் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. அவற்றில் நூறை வரிசையாகப் படுக்கவைத்தாலும் ஒரு மணல் துகளின் நீளம் வராது என்று லண்டனிலிருந்த ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார். அங்கே உடனே நம்பிவிடவில்லை. மறு வருஷம் ராபர்ட் ஹூக் தானே மிளகுத் தண்ணீர் வைத்து, உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

பார்த்தாயிற்று. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. உயிர்களையெல்லாம் பெயரிட்டு அடுக்கிய லின்னேயஸ், இந்தச் சின்ன ஜீவன்களை 'கேயாஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டு நீரில் உருண்டையும் குச்சியுமாக ஆயிரம் ஓடும்போது எது எதைச் செய்கிறது என்று எப்படிச் சொல்வது? தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் மொட்டை மாடியிலிருந்து பார்த்து, ஜேப்படி அடித்தவன் யார் என்று சொல்லச் சொன்ன மாதிரி.

லூயி பாஸ்டரை வேகமாகக் கடந்துபோகிறேன். உங்கள் பாடப்புத்தகத்திலேயே நிறைய இருக்கிறார். அன்னப்பறவைக் கழுத்துபோல வளைந்த குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்தார், காற்று போகும், தூசி போகாது, சாறு கெடவில்லை. கிருமி தானாக முளைப்பதில்லை, இன்னொரு கிருமியிலிருந்துதான் வருகிறது என்பது 1860களின் தொடக்கத்தில் உறுதியானது. இது தெரியாமல் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கவே முடியாது.

இப்போது ராபர்ட் கோக். பிரஷ்யாவில் ஒரு சின்ன ஊரின் மருத்துவ அதிகாரி. ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாதான் காரணம் என்று 1876இல் நிறுவினார். மிளகுத் தண்ணீருக்குச் சரியாக 200 வருஷம் கழித்து! ஆனால் திரவத்தில் வளர்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. திடமான பரப்பு வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லையில் முயன்றார். எல்லாக் கிருமிக்கும் அது பிடிக்கவில்லை. ஜெலட்டின் போட்டார், உடல் வெப்பமான 37 டிகிரியில் வைத்தால் உருகி ஓடியது. சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கின.

இந்த இடத்தில் ஓர் அம்மாள் வருகிறார். ஃபேனி ஹெஸ்ஸே. கணவர் வால்டர் ஹெஸ்ஸே கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மனைவி அவருக்குப் படம் வரைந்து கொடுத்து உதவுவார். கோடையில் நம்ம ஜெலட்டின் உருகுகிறது, நீ செய்கிற ஜெல்லி மட்டும் எப்படி நிற்கிறது என்று கணவர் கேட்டார். அதில் இருந்தது அகர் அகர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அக்கம்பக்கத்தார் வழியாக அந்த அம்மாளுக்குத் தெரிந்த சமாச்சாரம். அகர் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், 40க்குக் கீழே இறங்கினால்தான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. 1881இல் அது ஆய்வகத்துக்குள் வந்தது. கோக் தன் அடுத்த கட்டுரையில் அகரை ஒரு வரியில் குறிப்பிட்டார். அந்த அம்மாள் பெயர் அதில் இல்லை. 1887இல் மூடியோடு ஒரு தட்டு வடிவமைத்த பெட்ரிக்கு மட்டும் 'பெட்ரி தட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு இன்றும் இது உறுத்தல்தான்.

அகர் என்றால் ஏதோ ரசாயனம் என்று நினைக்காதீர்கள். நோன்புக் காலத்தில் பால் விட்டுக் காய்ச்சி, துண்டு போட்டுக் கொடுப்பார்களே கடல்பாசி, அதுதான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கி எடுத்துவரும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து நல்ல அகர் கிடைக்கிறது.

அந்தத் தட்டில் ஒரு கிருமி விழுந்தால் அதே இடத்தில் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். ஒரு புள்ளி, ஒரு குலம். 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கோக் அறிவித்தார். அடுத்த இருபது வருஷத்தில் காலரா, டைபாய்டு, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), பிளேக் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

நுண்ணுயிரியலின் கிளைகள் என்று புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதை ஒப்பிக்கப் போவதில்லை; நம்ம ஊரையே சுற்றிப் பாருங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், 1899இல் தொடங்கியது. அம்மை குத்தும் பால் அங்கே தயாரானது. அது தடுப்பூசியியல், மருத்துவ நுண்ணுயிரியல். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் பாசிகளை ஆராய்ந்தார், டி.எஸ். சதாசிவன் மண்ணில் பயிர்வேரைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்தார். பாசியியல், பூஞ்சையியல், மண் நுண்ணுயிரியல் மூன்றும் ஒரே கூரைக்கு அடியில். விவசாயி தொழுவுரத்தோடு கலந்து போடும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உர பாக்கெட் வேளாண் நுண்ணுயிரியல். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மாலை பேசலாம். அதுவரை காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று இந்தச் சென்னை ஆய்வு 1959இல் காட்டியது. உலகம் முழுக்கச் சிகிச்சை முறையே மாறியது.

இட்லி மாவு இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்று காத்திருப்பவர்களுக்கு: மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. உளுந்தோடேயே வருகிறது. அது உணவு நுண்ணுயிரியல். அவ்வளவுதான்.

தட்டில் வளராதவை என்ன செய்கின்றன என்பதுதான் எனக்கு இன்னும் சுவையான கேள்வி. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873இலேயே பார்த்துவிட்டார். இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அது வளரவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற பிராணியிலும்தான் வளர்க்கிறார்கள். வைரஸ் இன்னும் பிடிவாதம். பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி வழியாகவும் புகையிலைத் தேமல் நோய் இறங்கிப் போகிறது என்று 1892இல் இவானோவ்ஸ்கி கண்டார். 1898இல் பெய்ஜெரிங்க் அது வேறு வகைப் பொருள் என்றார். உயிருள்ள செல்லுக்கு வெளியே அது பெருகவே பெருகாது. ஆகவே வைரஸைத் தேடுவோர் பல நேரம் அது உடலில் விட்டுப்போன சுவட்டைத் தேடுகிறார்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதித்தபோது எதிர்ப்பொருள் தெரிந்தது. எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். உயிர்களைப் பிரித்து அடுக்குவது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் தொடங்கி மனிதரை ஆறறிவு வரை கொண்டுபோகிறது. நுண்ணுயிரும் அப்போதே தெரியும் என்று சிலர் மேடையில் அடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. கண்ணால் கண்டதை ஒழுங்காக அடுக்கியதே பெரிய காரியம். ஐரோப்பாவிலும் வெகுகாலம் தாவரம், விலங்கு என்று இரண்டே கட்சி. 1866இல் ஹெக்கல் நுண்ணுயிர்களுக்காக புரோட்டிஸ்டா என்று மூன்றாவது வீடு கட்டினார். 1969இல் விட்டேக்கர் ஐந்து உலகம் என்றார்: மொனீரா (உட்கரு இல்லாத பாக்டீரியா வகை), புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. உங்களுக்குப் பரீட்சைக்கு வருவது இது. நீலப்பச்சைப் பாசிகள் பற்றி நம்ம தேசிகாச்சாரி 1959இல் எழுதிய பெருநூல் தாவரவியல் நூலாகத்தான் வந்தது; இன்று அந்த உயிர்கள் பாக்டீரியா பக்கம் இருக்கின்றன. செல்லில் உட்கரு இல்லை, அதனால்தான்.

1977இல் கார்ல் வோஸ் இந்த அடுக்கையே கலைத்தார். உருவத்தைப் பார்க்காமல், எல்லாச் செல்லிலும் இருக்கிற, புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்து ஒப்பிட்டார். மீத்தேன் வாயு உண்டாக்கும் சில 'பாக்டீரியாக்கள்' பாக்டீரியாவே இல்லை, தனிக் குலம் என்று வந்தது; அவற்றைத்தான் இன்று ஆர்க்கியா என்கிறோம். அவருக்குத் துணைநின்ற வோல்ஃபை, நோபல் பரிசு பெற்ற லூரியா தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த ஆளோடு சேராதே என்றாராம். இன்று பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உயிர்கள் என்ற மூன்று பெரும்பிரிவு பாடத்தில் இருக்கிறது. கோடையில் அடையாற்றுச் சேற்றிலிருந்து குமிழ் வந்தால் அதிலுள்ள மீத்தேன் ஆர்க்கியாவின் வேலை. நாற்றத்துக்கு அவற்றைத் திட்டாதீர்கள். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் பாக்டீரியாவின் கைவரிசை.

ஆர்.என்.ஏ.வைப் படிக்கத் தெரிந்ததும், வளர்க்காமலேயே மண்ணிலும் கடலிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. தட்டில் வளர்ந்தது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்று தெரிந்தது. அப்படிக் கடலடிச் சேற்றில் மரபணுவாக மட்டும் தெரிந்த ஒரு ஆர்க்கியா குழுவை 2015இல் அறிவித்தார்கள். உட்கரு உள்ள செல்களுக்கு, அதாவது நமக்கு, மிக நெருங்கிய சொந்தம்.

சொந்தம் என்று தெரிந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாமா? மறுபடி கோக்கின் வேலைதான். 2006இல் ஜப்பான் அருகே 2,500 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றை வைத்துக்கொண்டு ஒரு குழு 12 வருஷம் போராடியது. வளர்த்துக் காட்டி 2020இல் கட்டுரை வெளியிட்டது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல ஊடகத்தில் 20 நிமிஷத்தில் இரண்டாகும்; இது இரண்டாக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. முழுக்கத் தனியாக அது வளரவும் இல்லை. அது வெளியே விடும் ஹைட்ரஜனைத் தின்று தீர்க்க, மீத்தேன் உண்டாக்கும் இன்னொரு ஆர்க்கியா பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.