கரையில் கசிந்த ஒரு விரல் தண்ணீர்

(அரசு மேல்நிலைப் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின் தொடக்க விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஒன்றிய அலுவலகக் கூட்டத்தைப் பாதியில் விட்டு இங்கே வந்து முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பிள்ளைகள் ஏழு நாள் தங்குவதற்குத் தம் நெல் கிட்டங்கியையே ஒழித்துக் கொடுத்திருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே, முகாமை முன்னின்று நடத்தும் திட்ட அலுவலர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, சமையல் பொறுப்பை ஏற்றிருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, என் அன்பு மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மேடையில் எல்லோருமே எனக்கு வேண்டியவர்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘குறிக்கோளோடு வாழ்வோம்’. மூன்று செய்திகள் சொல்ல நினைத்து வந்தேன். ஒன்று குறிக்கோள், இரண்டு முயற்சி, மூன்றாவது பொச்சாவாமை. ஐப்பசி நெருங்குகிறது, அதனால் மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொச்சாவாமை என்றால் மறதியும் அசட்டையும் இல்லாமல் இருப்பது. வள்ளுவர் அதற்கென்றே 54-ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ‘முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்’ என்பது அதில் ஒரு குறள். முன்கூட்டியே காக்காமல் அசந்து போனவன், துன்பம் வந்தபிறகு தன் பிழையை நினைத்து வருந்துவான். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். பொருள் விளங்கியது நம் கண்மாய்க்கரையில்.

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று சேமிப்பு பற்றிப் பேசும்போது சொல்வார்கள். எனக்கு அந்தப் பழமொழி வேறு மாதிரி தெரியும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது இந்த ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். மடை திறப்பது, அடைப்பது, வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, கரையைக் காப்பது எல்லாம் அவர் வேலை. அறுவடைக் களத்தில் அவருக்கென்று நெல் அளந்து கொடுப்பார்கள். கண்மாய் நிறைந்துவிட்டால் அவர் ராத்திரி தூங்கிப் பார்த்ததில்லை. ஒரு கையில் அரிக்கேன் விளக்கு, தோளில் மண்வெட்டி, தலையில் கோணிச்சாக்கு. இந்தக் கோடியிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு வரைக்கும் நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். நான் ஒருமுறை பின்னாலேயே போனேன். கரையின் வெளிச்சரிவில் ஓரிடத்தில் ஈரம் கசிந்தது. விளக்கைத் தாழ்த்தி, கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். “தம்பி, தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்” என்றார். நண்டு வளை இருக்கும், எலி வளை இருக்கும், பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி ஓட்டை விட்டிருக்கும். அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

அடுத்த வருஷம் அவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். கரைக்கு ஆளில்லை. நாலு நாள் அடைமழை. பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் பார்த்தேன். ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர், செம்மண் நிறத்தில் கலங்கி வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். சாயங்காலம் பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. சொல்லவில்லை. நடுராத்திரி கோயில் மணி அடித்தார்கள். நான் ஓடிப் போனபோது கரையில் ஒரு வீடு அகலத்துக்கு உடைப்பு. பால் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெல் முழுக்க மணல் மேவிக் கிடந்தது. அந்த நீர்க்கட்டி, உடம்பு கொதிக்கக் கொதிக்க, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் நான் பார்த்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இறந்துவிட்டார், இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் சொல்கிறேன். சிறுதுளி பெருவெள்ளம், பிள்ளைகளே.

முயற்சிக்கு, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கைச் சொல்ல வேண்டும். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றுத் தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியவர். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல்தான் முடிந்தது. அணையைக் கட்டக் கட்ட வெள்ளம் அடித்துப் போனது, காடும் காய்ச்சலும் எத்தனையோ தொழிலாளர்களைக் கொண்டுபோயின. தேனி மாவட்டம் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். அவரைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கு நம் கண்மாய் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றை ஊரார் கூடிப் பராமரித்த ஏற்பாடுதான் குடிமராமத்து. அந்த வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858-இல் ஆங்கிலேய அரசு சட்டமே போட்டது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. சட்டமும் திட்டமும் வரட்டும். ராத்திரி கரையில் விளக்கோடு நடக்கிற ஆள் எங்கே? நம் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மழை பெய்தாலும் தண்ணீர் எந்த வழியில் கண்மாய்க்கு வரும்? வெளிச்சரிவில் மூன்று இடத்தில் வளை இருக்கிறது. நேற்றுக் காலை நானே குனிந்து பார்த்தேன். ஒன்றில் என் முழங்கை வரை உள்ளே போகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்று மறுபடியும் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே வேண்டுகோள் வைக்கிறேன். கிராமசபையில் தீர்மானம் போட்டு, நம் கண்மாய்க்கு மறுபடி ஒரு நீர்க்கட்டியை நியமியுங்கள். களத்து நெல்லுக்குப் பதில் மாதச் சம்பளம் கொடுப்போம். முதல் மூன்று மாதச் சம்பளத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன்.

முகாம் மாணவர்கள் நாளைக் காலை ஆறு மணிக்குப் பெரிய மடைக்கு வந்துவிடுங்கள். மண்வெட்டி, அரிவாள், கூடை ஊராட்சியில் தருகிறார்கள். முள் குத்தும், செருப்பில்லாமல் யாரும் வர வேண்டாம். முதலில் அந்த மூன்று வளைகளைக் காட்டுகிறேன், வரத்துக்காலில் பிறகு இறங்கலாம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.