மூச்சுவிட மேலே வரும் ஆவுளியா: படகுத்துறையில் ஏ.ஆர். காட்சி அமைப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். படகுத்துறைகளில் வழிகாட்டிகளாக இருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கணினி வேலை தெரிந்த இளைஞர்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதில் 21 தீவுகள். அவற்றுள் குருசடைத் தீவுக்குப் பாம்பன் பக்கமுள்ள குந்துக்காலில் படகேறிப் போகிறவர் பவளத்தைப் பார்த்துவிடலாம், கடற்புல்லையும் பார்க்கலாம். கடற்பசுவை, அதாவது நம் மீனவர் சொல்லும் ஆவுளியாவைப் பார்க்க முடியாது. இந்தியக் கடல் முழுவதிலும் அது சில நூறு இருந்தாலே பெரிது. அதுவும் கலங்கிய நீரில் மேயும். பார்க்க முடியும் என்றாலும் படகைக் கொண்டுபோய் அதைத் துரத்தக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர் அது.

ஏ.ஆர். என்னும் மிகை மெய்ம்மைக்கு நம் கரையில் வேலை இருப்பது இதனால்தான். கைப்பேசிக் கேமராவில் தெரியும் தரையின் மேலேயே ஒரு விலங்கின் உருவத்தைச் சரியான அளவில் நிறுத்திக் காட்டும் உத்தி அது. பவளத்துக்கு அது தேவையில்லை, பவளத்தைக் கண்ணால் பாருங்கள். காண முடியாத உயிருக்கும், போகக் கூடாத இடத்துக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் காட்டுவது? பலரும் ஆவுளியா நீந்துவதை மட்டும் காட்டி நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. ஆவுளியா மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து, மூக்கின் மேற்புறத்தில் உள்ள இரண்டு துளைகளால் மூச்செடுத்தே ஆக வேண்டும். செவுள் வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆகவே காட்சி முழுவதையும் மூச்சைச் சுற்றியே கட்டுங்கள். முதலில் அது அடியில் கடற்புல் மேய்கிறது, மேய்ந்த இடத்தில் வாய்க்கால் போலத் தடம் விழுகிறது. பிறகு மேலே வந்து மூச்சுவிட்டு இறங்குகிறது. இரண்டாம் முறை மேலே வரும்போது குறுக்கே ஒரு வலை. திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடட்டும். இரத்தமோ பிணமோ காட்ட வேண்டாம், சிறு குழந்தைகளும் பார்ப்பார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீனவர் வலையை அறுத்துவிடுவதாகக் காட்சியை முடியுங்கள். நம் கடலில் அப்படி அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மொத்தம் 60 விநாடி. மூச்சுக்கு மூச்சு ஆகும் சில நிமிடங்களைச் சுருக்கித்தான் காட்டுகிறோம் என்று திரையிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கால் நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

இனி உருவம். வளர்ந்த ஆவுளியா ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை. வால் ஓங்கிலின் வால் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மாதிரிகளை எடுக்கும்போது இங்கேதான் தவறு நடக்கிறது. பல மாதிரிகள் அமெரிக்கக் கரையில் வாழும் மானட்டி, அதன் வால் துடுப்பு போல வட்டமாக இருக்கும். வாலைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

மாதிரிக் கோப்பில் உருவத்தைக் கட்டும் முக்கோணங்கள் 30,000-க்குள், தோல் போல அதன்மேல் ஒட்டும் மேற்பரப்புப் படம் 1,024 அல்லது 2,048 பிக்சலுக்குள், கோப்பு 5 எம்.பி.க்குள் இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்கு ஜி.எல்.பி. கோப்பு, ஐபோனுக்கு யூ.எஸ்.டி.இசட். கோப்பு என்று இரண்டும் வேண்டும். ஜி.எல்.பி.யில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். சென்டிமீட்டரில் செய்த மாதிரியை அப்படியே ஏற்றினால் 300 மீட்டர் விலங்கு வந்து நிற்கும், திரையில் சாம்பல் நிறம் மட்டும் தெரியும். விரலால் பெரிதாக்கிச் சுருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் முதல் நொடியிலேயே யாராவது ஆவுளியாவைப் பூனைக்குட்டி அளவுக்குச் சுருக்கிவிடுவார். அதன் பருமனை உணர்வதே பாதிப் பாடம். மூன்று மீட்டர் உடல் முழுதாகத் தெரிய நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதால், நிற்கும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். உடலுக்குக் கீழே நிழல் விழச் செய்யவும் மறக்காதீர்கள். நிழல் இல்லாவிட்டால் அது காற்றில் தொங்குவது போலத் தோன்றும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். படகில் வைக்கவே வைக்காதீர்கள். கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கேமராப் படத்தையும் உள்ளே இருக்கும் அசைவு உணரியையும் சேர்த்துத்தான் கணிக்கிறது. ஓடும் படகில் உணரி அலையின் ஆட்டத்தைச் சொல்கிறது, கேமராவோ படகின் தளம் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்பட, ஆவுளியா நழுவிக்கொண்டே போய்க் கடைசியில் காணாமல் போகும். இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. ஆனாலும் படகில் ஏறியவர் கண் கடல்மேல் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

வெறும் மணலும் ஆகாது. கைப்பேசி தரையை அடையாளம் காண்பது அதில் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் வைத்துத்தான். அரியமான், தனுஷ்கோடி போன்ற இடங்களில் நண்பகல் வெயிலில் மணல் ஒரே வெள்ளையாகத் தெரியும், பிடிப்புக்கு ஒன்றும் இருக்காது. திரையும் அந்த வெளிச்சத்தில் தெரியாது, கைப்பேசி சூடேறிக் கேமராவே நின்றுவிடும். படகுக்குக் காத்திருக்கும் கொட்டகைதான் சரியான இடம். நிழல் உண்டு, தரையில் சிமெண்டு வரைகள் உண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடமும் உண்டு.

அங்கே, கேமராவில் பட்டதும் காட்சி தொடங்குவதற்கு ஓர் அடையாளப் படப் பலகை வையுங்கள். அதில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் வேண்டாம். அலைக்கோடுகள் பார்க்க அழகுதான், கருவி அவற்றில் குழம்பிப்போகும். கிளையும் கிளிஞ்சலும் எழுத்துமாகக் கலந்த, இடமும் வலமும் ஒத்துப்போகாத படம் நல்லது. ஏ.ஆர். செயலி செய்வதற்கான கூகுளின் ஏ.ஆர்.கோர் கருவித்தொகுப்பில் ஒரு படத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் சிறு நிரல் இருக்கிறது. 75-க்குக் குறைந்தால் படத்தை மாற்றுங்கள். முதல் முறை அடையாளம் காணும்போது படம் திரையில் கால் பங்காவது நிறைய வேண்டும் என்பதால், சிறிய அட்டை போதாது. பளபளப்பான உறை போடாதீர்கள், கூசும். மங்கலான உறையே போதும். உப்புக் காற்றுக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் போடுங்கள். தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் பலகை தொடங்கினால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிறுவருக்கும் எட்டும்.

சிக்னல் பற்றி ஓர் எச்சரிக்கை. சிக்னல் கிடைக்காவிட்டால் துறையில் ஒரு வைஃபை பெட்டி வைத்து அதிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத முகவரிக்கு உலாவி கேமராவைத் திறக்க அனுமதிக்காது, வருகிறவர் வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதைவிட, செயலியையும் கோப்புகளையும் முன்பே ஏற்றிய இரண்டு மூன்று டேப்லெட்டுகளை வழிகாட்டிகள் கையில் கொடுப்பது மேல். ஒரு டேப்லெட்டைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள், பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். லென்சில் உப்புப் படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். காற்று இரைச்சலில் குரல் கேட்காது, ஆகவே சொல்வதையெல்லாம் பெரிய எழுத்தில் திரையிலும் போடுங்கள்.

உள்ளடக்கத்தில் இரண்டு தவறுகளை நான் மன்னிக்க மாட்டேன். ஒன்று, அழகுக்காக ஐந்தாறு ஆவுளியாக்களை ஒரே காட்சியில் விடுவது. பார்த்தவர் ‘இவ்வளவு இருக்கிறதே, என்ன கவலை’ என்று போய்விடுவார். ஒன்று மட்டும் போதும், மிஞ்சினால் தாயும் கன்றும். ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்று ஈனும், அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஆகும். அதனால்தான் ஒரு பெண் ஆவுளியா வலையில் போனால் ஈடுசெய்ய இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று காட்டுங்கள். இரண்டாவது, ஆவுளியா காணப்பட்ட இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது. அது வேடிக்கை பார்க்கும் படகுகளை அங்கே இழுத்துவிடும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டியது. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதாக எழுதாதீர்கள். பெயர்களில் மீனவர் சொல்லை முன்னே வையுங்கள்: ஆவுளியா, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை. பாம்பன் பிள்ளை ஒன்று திரையைப் பார்த்து ‘இது எங்க அப்பா சொல்ற ஆவுளியா’ என்று அடையாளம் காண வேண்டும்.

வைத்த முதல் மாதம், படகிலிருந்து இறங்குகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆவுளியா வலையில் மாட்டினால் ஏன் சாகிறது?’ ‘ரொம்பப் பெரிசா இருந்துச்சு’ என்று மட்டும் பதில் வந்தால், கடிகாரத்தைப் பெரிதாக்கி வலைக் காட்சியை முன்னே கொண்டுவந்து மறுபடியும் கேளுங்கள்.