கனவில் பாம்பு வந்தால் எந்த எண்ணில் பணம் கட்டுவது? மேகாலயாவின் சட்டபூர்வ அம்புப் பந்தயம்

[திரையில்: கசங்கிய சிறு சீட்டு. அதில் ஒரே ஓர் எண், 54.]

இந்தச் சீட்டைச் சென்னையில் ஒரு பெட்டிக்கடையில் விற்றால் போலீஸ் வரும். குவாஹாட்டியில் விற்றாலும் போலீஸ் வரும். குவாஹாட்டியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் மலையேறி, மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங்கில் போய் விற்றால்? வரித் துறைக்காரர் வருவார். உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பார், வரி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார், கிளம்பிவிடுவார்.

வணக்கம் நண்பர்களே. கிரிக்கெட் பந்தயம், ஐபிஎல் சூதாட்டம் என்றெல்லாம் தலைப்பு வைத்திருந்தால் இந்த வீடியோவை இன்னும் பத்து மடங்கு பேர் பார்த்திருப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டின் மீது பணம் கட்டுவதை ஒரு மாநிலம் எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டுமானால், மேகாலயாவின் 'தீர்' ஆட்டத்தைவிட வேடிக்கையான உதாரணம் இந்தியாவில் கிடையாது.

தீர் என்றால் அந்தப் பக்கத்து மொழிகளில் அம்பு. தமிழில் தீர் என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும்.

சட்டக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 34ஆவது இனம்: பந்தயமும் சூதாட்டமும் மாநிலங்களின் பொறுப்பு. 62ஆவது இனம்: அதன்மீது வரி போடும் உரிமையும், ஜிஎஸ்டிக்காக 2016இல் அரசியலமைப்பைத் திருத்தும்வரை, மாநிலங்களுக்கே இருந்தது. 1972இல் அஸ்ஸாமிலிருந்து பிரிந்து தனி மாநிலமான மேகாலயா, 1982இல் கேளிக்கை மற்றும் பந்தய வரிச் சட்டத்தைத் திருத்தி அம்புப் பந்தயத்தை அதற்குள் சேர்த்தது. அதுவரை ஒளிந்து ஆடிய ஆட்டம், வரி கட்டி ஆடும் ஆட்டமாயிற்று. 2018இல் அம்பு எய்வதையும் சீட்டு விற்பதையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே வந்தது. அவ்வளவுதான். இனி மைதானத்துக்குப் போவோம்.

[காட்சி: ஷில்லாங், போலோ மைதானம். பிற்பகல்.]

ஞாயிறு தவிர மற்ற நாள்களில் ஆட்டம் உண்டு. அங்கே பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. ஆட்டத்தை நடத்துவது காசி மலை வில்வித்தை விளையாட்டு நிறுவனம். பன்னிரண்டு வில்வித்தை கிளப்புகள் சேர்ந்த அமைப்பு. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் காசி என்றே வரும். காசி என்பது அந்த மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர். நம் காசி யாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொம்பைக் கீழே வையுங்கள்.

ஐம்பது பேர் வரை அரைவட்டமாகக் குந்தி உட்காருகிறார்கள். கையில் மூங்கில் வில். சுமார் ஐம்பதடி தள்ளி, கம்பத்தில் செருகிய ஒரு புல்கட்டு. உருளை வடிவம், நம் ஊர் உரலைவிடக் கொஞ்சம் ஒல்லி. ஒலிம்பிக்கில் பார்ப்பதுபோல வண்ண வளையமோ நடுப்புள்ளியோ எதுவும் கிடையாது. கட்டில் பட்டதா, படவில்லையா, அது ஒன்றுதான் கணக்கு. சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எய்கிறார்கள். முதல் சுற்றில் ஒருவருக்கு 30 அம்புகள் வரை, இரண்டாம் சுற்றில் 20. சில நிமிடங்களில் அந்தப் புல்கட்டு முள்ளம்பன்றியாகிவிடும்.

பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தைத்த அம்புகளைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுகிறார்கள். மொத்தம் 754 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறைத் தள்ளு. கடைசி இரண்டு இலக்கம் 54. அதுதான் அன்றைய எண். முதலில் காட்டிய சீட்டை வைத்திருப்பவர், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 ரூபாய் வாங்கிக்கொள்வார். இரண்டாம் சுற்று எண்ணைச் சரியாகச் சொன்னால் ரூபாய்க்கு 60. இரண்டு சுற்றையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரூபாய்க்கு 4,000.

இந்த 'கடைசி இரண்டு இலக்கம்' என்ற ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. கிரிக்கெட்டில் ஒரே ஒரு பந்துவீச்சாளரை மடக்கினால் ஒரு நோபால் வாங்கிவிடலாம். இங்கே யாரை மடக்குவீர்கள்? ஐம்பது பேரில் நாற்பத்தொன்பது பேரை விலைக்கு வாங்கியிருந்தாலும், ஐம்பதாவது ஆள் ஓர் அம்பு கூடுதலாகத் தைத்துவிட்டால் 54 என்பது 55. அத்தனையும் போயிற்று. எய்துகொண்டிருப்பவருக்கே, எண்ணி முடிக்கும்வரை எண் தெரியாது. ஏமாற்ற வேண்டுமானால் எண்ணும் இடத்தில்தான் ஏமாற்ற முடியும். அதனால்தான் எண்ணுவதை எல்லோர் கண்ணெதிரிலும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. நம் ஊர்க் கதை ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன். கிண்டி குதிரைப் பந்தயத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்யப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் லட்சுமணன் வழக்கில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்றது. குதிரையின் வம்சம், பழக்கிய விதம், ஓட்டுபவர் யார் என்று பார்த்து, கூட்டிக் கழித்துப் பணம் கட்டலாம் என்பது அதற்கு ஒரு காரணம். இப்போது தீர் ஆட்டத்தைப் பாருங்கள். வில் பிடிப்பவரிடம் திறமை மலைபோல இருக்கிறது. பணம் கட்டுபவரிடம்? ஒன்றுமில்லை. அவருக்கு உதவ எந்த வம்சாவளியும் கிடையாது.

எனவே அவர் கனவைப் பிடித்துக்கொள்கிறார். நேற்று இரவு என்ன கண்டாய் என்பது ஷில்லாங்கில் பொருளாதாரக் கேள்வி. ஆணைக் கண்டால் ஓர் எண், பெண்ணைக் கண்டால் வேறோர் எண், தண்ணீருக்கு ஒன்று, பிணத்துக்கு ஒன்று. சீட்டுக் கடை வாசலில் நின்று கனவுக்குப் பலன் பேசுகிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் கனவுப் பலன் உண்டு, ஆனால் அது தனலாபம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எந்தக் கடையில், எத்தனை ரூபாய் என்பதெல்லாம் அதில் கிடையாது.

சரி, இப்போது காகிதமும் பேனாவும் எடுங்கள். இந்தக் கணக்குக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

00 முதல் 99 வரை நூறு எண்கள். எல்லா எண்ணிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டுகிறீர்கள். செலவு 1,000. எந்த எண் வந்தாலும் வெற்றி உங்களுக்கே! கைக்கு வருவது 800. இரண்டாம் சுற்றிலும் அதையே செய்யுங்கள். 1,000 போட்டால் 600 வரும். இரண்டு சுற்றையும் சேர்த்துச் சொல்லும் பந்தயத்தில் பத்தாயிரம் ஜோடிகள். ஜோடிக்கு ஒரு ரூபாய் போட்டால் 10,000 போய் 4,000 திரும்பும். ஆசை பெரிதாகப் பெரிதாக வெட்டும் பெரிதாகிறது: நூற்றுக்கு 20, பிறகு 40, பிறகு 60.

இதை ஐரோப்பியச் சூதாட்ட விடுதியின் சுழல்சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 37 குழிகள். எல்லாவற்றிலும் ஒரு ரூபாய் வைத்தால் 37 போய் 36 வரும். நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட நட்டமில்லை.

இங்கேதான் வேடிக்கை. 2021இல் மேகாலயா அரசு ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. சுற்றுலாப் பயணிகளை நம்பி சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி தரலாம் என்பது திட்டம். தேவாலயங்களும் பொதுமக்கள் அமைப்புகளும் கொதித்து எழுந்தன. சமூகம் கெட்டுவிடும் என்றார்கள். 2022இல் அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாகப் பின்வாங்கியது. நூற்றுக்கு மூன்று பிடுங்கும் சக்கரம் வரக்கூடாது. நூற்றுக்கு அறுபது பிடுங்கும் அம்பு இருக்கலாம்!

சிரிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். காசி மக்கள் வழக்கத்தில், ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது பக்கத்தில் ஒரு வில்லும் மூன்று அம்புகளும் வைப்பார்கள். ஒன்று அவன் மண்ணுக்கு, ஒன்று அவன் குலத்துக்கு, ஒன்று அவனுக்கு. அந்த அம்பும் போலோ மைதானத்து அம்பும் அவர்களுக்கு ஒரே அம்புதான். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்த நமக்கு இது புரியாமல் போகாது. பண்பாடு என்ற சொல்லுக்குள் நூற்றுக்கு அறுபதையும் சேர்த்து முடிந்து வைத்திருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அம்பு எய்வது அவர்கள் பாட்டன் சொத்து, விகிதம் அப்படியல்லவே. 80ஐ 90 ஆக்கினால் எந்த வில்லும் முறியாது.

இணையத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: 'இன்றைய உறுதியான எண்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், அம்பு எய்தவருக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

லாட்டரியைத் தமிழ்நாடு 2003இல் நிறுத்தியது. மேகாலயா அம்பை 1982இல் வரிக்குள் கொண்டுவந்தது. தடையா, வரியா, நீங்கள் எந்தப் பக்கம்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். நேற்று கனவில் வந்த எண்ணை மட்டும் எழுத வேண்டாம், இங்கே கடை கிடையாது.