பல ஆக்சில் டிரெய்லருக்கு ஜாக்கி போட்டு டயர் மாற்றுவது எப்படி?

[காட்சி: இரண்டு ஆக்சில் டிரெய்லர், பக்கவாட்டுத் தோற்றம். பின் டயர் தரையோடு அமுங்கியிருக்கிறது.]

இந்த டிரெய்லரில் இரண்டு ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டுகள். அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். பின் டயர் பஞ்சர், முன் டயரில் காற்று சரியாக இருக்கிறது. பார்த்தவுடன் என்ன தோன்றும்? நல்ல டயர்தான் பக்கத்திலேயே தாங்கிக்கொண்டு நிற்கிறதே, கெட்டதை மட்டும் லேசாகத் தூக்கினால் ஆச்சு, காரில் இருக்கும் ஜாக்கியே போதும் என்று தோன்றும்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சேஸிஸுக்கு, அதாவது டிரெய்லரின் அடிச்சட்டத்துக்கு ஜாக்கி போட்டால், ஒரு சக்கரத்தின் பாரம் மட்டும் ஜாக்கி மேல் வருவதில்லை. அந்தப் பக்கத்தின் மொத்தப் பாரமும் வருகிறது. எந்த ஜாக்கி, எங்கே வைப்பது, எவ்வளவு தூக்குவது, எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

[காட்சி: அடிப்பக்க வரைபடம். இரண்டு கமான் பட்டைகள், நடுவில் ஈக்வலைசர்.]

கொஞ்சம் குனிந்து அடியில் பார்ப்போம். ஒவ்வொரு ஆக்சிலுக்கும் பக்கத்துக்கு ஒரு கமான் பட்டை, அதாவது வளைந்த இரும்புப் பட்டை ஸ்பிரிங். இரண்டு பட்டைகளும் சந்திக்கும் இடத்தில், சேஸிஸிலிருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டு தொங்குகிறது. அதுதான் ஈக்வலைசர். தராசுக்கோல் போல நடு போல்ட்டில் ஆடும். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த முனை மேலே போகும், மறு முனை பின் பட்டையைக் கீழே தள்ளும். இப்படித்தான் பாரம் இரண்டு ஆக்சிலுக்கும் பிரிகிறது.

ஓடும்போது இது நல்ல ஏற்பாடு. ஜாக்கி போடும்போதுதான் தொல்லை. நாம் சேஸிஸைத் தூக்கத் தூக்க, பட்டைகள் பாரம் குறைந்து கீழே விரிந்துகொண்டே வரும், ஈக்வலைசரும் சாயும். சக்கரம் மட்டும் தரையை விடாது. சேஸிஸ் நன்றாக மேலே வந்த பிறகுதான் டயர் தரையை விட்டு எழும். அதற்குள் பக்கத்துச் சக்கரமும் அநேகமாகத் தன் பாரம் முழுவதையும் ஜாக்கியிடம் கொடுத்திருக்கும்.

[காட்சி: திரையில் கணக்கு.]

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரக்கோடு 3200 கிலோ எடையுள்ள டிரெய்லர். அதில் 400 கிலோ முன்னால் கொக்கியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 2800 கிலோ நான்கு சக்கரத்தில், ஆளுக்கு 700. நாம் நினைப்பது 700 கிலோவைத் தூக்குகிறோம் என்று. உண்மையில் ஜாக்கி மேல் வருவது ஒரு பக்கத்தின் 1400 கிலோ. அதுவும் சேஸிஸ் சட்டம் சக்கரத்துக்கு உள்பக்கமாக இருப்பதால் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகவே வரும். சரக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் இன்னும் கூடும். மூன்று ஆக்சில் என்றால் மூன்று சக்கரத்தின் பாரம்.

இந்த டிரெய்லருக்கு 2 டன் ஜாக்கி என்பது மயிரிழையில் தப்புவது. நான் 4 டன் பாட்டில் ஜாக்கிக்கு, அதாவது பாட்டில் போல நின்று எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஜாக்கிக்குக் குறைந்து எடுக்க மாட்டேன். கார் ஜாக்கியை மறந்துவிடுங்கள். அது எடையும் தாங்காது, உயரமும் எட்டாது. கேரவன் வகை டிரெய்லரின் மூலைகளில் இறக்கிவிடும் கால்கள் இருக்குமே, அவையும் ஜாக்கி இல்லை. நிறுத்திய வண்டி ஆடாமல் இருக்கத்தான் அவை. அவற்றால் தூக்கினால் காலோ சேஸிஸோ வளையும்.

[காட்சி: ஜாக்கியின் தலை, சேஸிஸின் அடிப்பக்கம். மிக அருகில்.]

சரி, ஜாக்கியை எங்கே வைப்பது? முதலில் டிரெய்லரின் கையேட்டைப் பாருங்கள். சில டிரெய்லர்களில் ஜாக்கிக்கென்றே தட்டு பற்றவைத்திருப்பார்கள், அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதுவும் இல்லை என்றால், சேஸிஸின் நீளச் சட்டத்தில், பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த இடம்தான் பாரம் தாங்குவதற்காகவே கெட்டியாகச் செய்யப்பட்டிருக்கும். சி வடிவச் சட்டமாக இருந்தால் ஓரத்து உதட்டில் வைக்கக் கூடாது, அது மடங்கிவிடும். செங்குத்துச் சுவருக்கு நேர் கீழே ஜாக்கியின் தலை வர வேண்டும்.

ஆக்சில் குழாய்க்கு அடியில் வைத்தால் என்ன? வைக்க ஆசையாகத்தான் இருக்கும். குறைந்த உயரம் தூக்கினால் போதும், பாரமும் குறைவு. ஆனால் இலகு ரக டிரெய்லர்களில் அது உள்ளே வெற்றான குழாய். பார்வைக்கு நேராக இருந்தாலும், பல ஆக்சில்கள் நடுவில் மிக லேசாக மேல்நோக்கி வளைத்தே செய்யப்பட்டிருக்கும், பாரம் ஏறினால் சக்கரம் நேராக நிற்பதற்காக. ஜாக்கி குத்தி அந்த வளைவு மாறினால் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு டயர் ஒரு ஓரமாகத் தேயும்போதுதான் தெரியும். போதாததற்கு உருண்டைக் குழாயில் ஜாக்கியின் தலை வழுக்கும். கமான் பட்டை இல்லாமல், உள்ளே வைத்த ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் ஆக்சிலிலும் இதே பேச்சுதான்: ஆக்சிலிலோ சஸ்பென்ஷனிலோ எங்கும் ஜாக்கி போடாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். லாரி இழுக்கும் கனரக டிரெய்லர் வேறு சங்கதி. அவற்றில் ஆக்சிலின் ஓரத்தில், பட்டை உட்காரும் இடத்துக்கு அருகே ஜாக்கி போட அனுமதிப்பவை உண்டு. ஆக்சிலின் நடுவில் மட்டும் எந்த டிரெய்லருக்கும் வேண்டாம்.

[காட்சி: டிரெய்லர் இழுவண்டியோடு சேர்ந்தபடி நிற்கிறது. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை.]

இப்போது வேலையை ஆரம்பிக்கலாம். சமமான, கெட்டியான தரை கிடைக்கும் வரை மெதுவாக ஊர்ந்து போங்கள். டயர் போனது போனதுதான், கூடுதலாகக் கொஞ்ச தூரம் உருண்டு ரிம் கெட்டாலும் பரவாயில்லை. சரிவில் ஜாக்கி போடாதீர்கள். பஞ்சரான சக்கரம் வண்டிகள் பறக்கும் பக்கமாக இருந்து, ஒதுங்கவும் இடம் இல்லை என்றால், அந்த வேலை உங்களுடையது இல்லை. உதவிக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

டிரெய்லரை இழுவண்டியிலிருந்து கழற்றவே கூடாது. கழற்றிவிட்டால் அது முன்னும் பின்னும் சாயும், உருளவும் செய்யும். இழுவண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். ஆள், கால்நடை எது இருந்தாலும் டிரெய்லரை விட்டு இறக்கிவிடுங்கள். ஜாக்கி மேல் நிற்கும் டிரெய்லருக்குள் ஒரு மாடு திரும்பி நின்றால் போதும்.

அப்புறம் கட்டை. தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும், இரண்டு திசையிலும். ஒரு பக்கம் எழுந்த பிறகு வண்டியைத் தரையில் பிடித்திருப்பது இந்த எதிர்ப்பக்கச் சக்கரங்களும் இழுவண்டியும்தான். கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லை வைத்துச் சமாளிக்காதீர்கள். டயர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், அல்லது மேலேயே ஏறிவிடும்.

[காட்சி: வீல் ஸ்பேனரை அழுத்தும் கை.]

வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே இளக்குங்கள். கால் சுற்று, அரைச் சுற்று போதும், கழற்ற வேண்டாம். டயர் தரையில் இருக்கும்போதுதான் சக்கரம் சுழலாமல் நிற்கும். மேலே தூக்கிவிட்டு, துருப்பிடித்த நட்டோடு முழு பலத்தையும் போட்டு மல்லுக்கட்டினால், அந்த ஆட்டம் நேராக ஜாக்கிக்குப் போகும்.

[காட்சி: பலகை மேல் ஜாக்கி.]

ஜாக்கிக்கு அடியில் கெட்டியான மரப்பலகை. 5 செ.மீ. தடிமன், ஒரு அடிக்கு ஒரு அடி இருந்தால் நல்லது. பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அளவுதான், ஒன்றரை டன்னும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். மண்ணில் புதையும். வெயிலில் இளகிய தார் சாலையிலும் புதையும், ஒரு பக்கமாகப் புதைந்தால் ஜாக்கி சாயும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் ஆகவே ஆகாது. மரம் உடைவதற்கு முன் முனகும், நசுங்கும். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் தூளாகும்.

பாட்டில் ஜாக்கியின் தலையில் ஒரு திருகு இருக்கும். பம்ப் அடிப்பதற்கு முன் அதைத் திருகி, சட்டத்தைத் தொடும் வரை உயர்த்திக்கொள்ளுங்கள். பம்ப்பின் உயரம் வீணாகாது. மெதுவாக அடியுங்கள். பாரம் ஏறியதும் நிறுத்தி, எழுந்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஜாக்கி நேராக நிற்கிறதா? பலகை சாய்கிறதா? எதிர்ப்பக்கக் கட்டை நகர்ந்ததா? சந்தேகம் இருந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். இந்த இடத்தில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எவ்வளவு உயரம்? பஞ்சர் டயர் தரையை விட்டதும் நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் மாட்டப்போகும் ஸ்டெப்னியில் காற்று நிறைய இருக்கிறது, அதற்கு இன்னும் சில செ.மீ. இடம் வேண்டும். அதையும் சேர்த்தே தூக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உடனே ஜாக்கி ஸ்டாண்டைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, பாரம் ஸ்டாண்டில் உட்காரும் வரை ஜாக்கியைக் கொஞ்சம் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. பாட்டில் ஜாக்கியின் உள்ளே பாரத்தைப் பிடித்திருப்பது ஒரு எண்ணெய் சீலும் சின்ன வால்வும்தான், அதை நம்பி அடியில் கையோ காலோ நீட்ட முடியாது. ஸ்டாண்ட் கொடுத்த பிறகும் டிரெய்லருக்கு அடியில் போக உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. ஸ்டெப்னியைப் படுக்கவைத்துச் சட்டத்துக்கு அடியில் தள்ளி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்டாண்டோடு சேர்த்துச் செய்தால் நல்ல பழக்கம், ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செய்தால் போதாது.

[காட்சி: சரிவுக்கட்டை மேல் ஏறி நிற்கும் முன் சக்கரம்.]

ஜாக்கியே வேண்டாம், நல்ல சக்கரத்தைச் சரிவுக்கட்டை மேல் ஏற்றினால் கெட்டது தானாக எழும் என்று சொல்வார்கள். டார்ஷன் ஆக்சிலில் இது நன்றாகவே வேலை செய்யும், அங்கே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும். ஈக்வலைசர் இருந்தால் கதை மாறும். ஒன்று மேலே போனால் மற்றதை அது கீழே தள்ளும், பஞ்சர் டயர் தரையிலேயே கிடக்கலாம். எந்த வகையானாலும் அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் ஒரே டயரில், ஒரே ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஏறுகிறது. காலி டிரெய்லருக்குச் சரி. சரக்கோடு என்றால் எனக்கு மனம் ஒப்பாது.

[காட்சி: கனரக டிரெய்லர், ஜோடி டயர்.]

கனரக டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஏர் சஸ்பென்ஷன், அதாவது கமான் பட்டைக்குப் பதில் காற்றுப் பை. சேஸிஸ் உயரம் மாறினால் அதன் வால்வு தானாகவே காற்றை ஏற்றவோ வெளியே விடவோ பார்க்கும், வண்டி நாம் எதிர்பார்க்காமல் அசையும். கையேட்டில் சொன்னபடி அதை முதலில் முடக்கிவிட்டுத்தான் ஜாக்கி. இரண்டு, ஜோடி டயர். குறைந்த காற்றோடு ஓடிய டயரின் உள் கம்பிகள் களைத்துப் போயிருக்கும். சொல்லப்பட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தபடி ஓடியிருந்தால், அதாவது 100 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 80-இல் ஓடியிருந்தால், நட்டில் கை வைப்பதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். அந்த டயருக்குச் சாலையோரத்தில் மறுபடி காற்றும் அடிக்கக் கூடாது. பக்கச்சுவர் வெடித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது கஷ்டம். அது, வெடித்தாலும் தடுக்கும் இரும்புக் கூண்டு இருக்கும் பட்டறையில் செய்யும் வேலை.

[காட்சி: நட்சத்திர வரிசையில் நட்டுகள்.]

ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் லேசாக இறுக்குங்கள். டயர் தரையைத் தொட்ட பிறகுதான் முழு இறுக்கம், அதுவும் இரண்டு மூன்று தவணையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால். அரை அங்குல போல்ட் உள்ள இலகு ரக டிரெய்லருக்குப் பொதுவாக 120 முதல் 160 நியூட்டன் மீட்டர். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்குவது வேண்டாம், போல்ட் இழுபட்டுப்போகும்.

கிளம்புவதற்கு முன் பக்கத்து டயரை நன்றாகப் பாருங்கள். பஞ்சரை நீங்கள் கவனிக்கும் வரை, கூடுதல் பாரத்தை இழுத்து வந்தது அதுதான். பக்கச்சுவரில் வீக்கம், வெடிப்பு இருந்தால் அடுத்துப் போகப்போவது அந்த டயர். ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். டயர் வெடித்துக் கிழிந்திருந்தால் அந்த ரப்பர் துண்டுகள் பிரேக் வயரையும் மட்கார்டையும் அடித்திருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புதிதாக மாட்டிய சக்கரம் ஓடி உட்காரும்போது நட்டுகள் தளரும். இலகு ரக டிரெய்லரானால் சுமார் 16, 40, 80 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, அதே டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.