ஹமாமட்சுவில் வீட்டோடு மாப்பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் குடியேறிய அனுபவத்தைப் பேசச் சொல்லி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். புல்லட் ரயிலையும் செர்ரிப்பூவையும் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறது. நான் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு குடும்பம் ஜப்பானுக்குப் போகிறது. ஒருவருக்கு அங்கே வேலையோ வீடோ தயாராக இருக்கிறது. கூடப் போகிற இன்னொருவருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சம்பாதித்தாக வேண்டும். அந்த இரண்டாவது ஆளாகப் போனவன் நான்.

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஜப்பானிலிருந்து மொழிபெயர்ப்பாளராக வந்தவர் என் மனைவி. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்தோம். அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த அந்த ஒரு மாதத்தில், நான் சொல்ல நினைத்த சொந்தக்காரர்கள், சொல்லவே நினைக்காத சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. பிறகு மூன்று மாதத்துக்குள் சென்னையில் இருக்கும் ஜப்பான் துணைத் தூதரகத்தில் திருமணத்தைத் தெரிவித்தோம். அங்கே 'கோசெகி' என்று குடும்பப் பதிவேடு ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரருக்கு அதில் தனிப் பக்கம் கிடையாது. மனைவியின் பக்கத்தில், இன்னாரை மணந்தார் என்று ஒரு குறிப்பாக இருக்கிறேன்.

2018-இல் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போக, மனைவி ஊருக்கே போய்விடலாம் என்றார். ஊர் ஷிசுவோகா மாகாணத்தில் இருக்கும் ஹமாமட்சு. அப்பாவிடம் சொன்னேன். உசிலம்பட்டிப் பக்கத்து மனிதர். "ஏன்டா, படிச்சிட்டு வீட்டோட மாப்பிள்ளையாப் போறேங்கிற?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே போன பிறகு கிடைத்தது. மாருதியோடு சேர்ந்து இந்தியாவில் கார் தயாரித்த சுசூகி கம்பெனியின் ஒசாமு சுசூகி அந்த ஊரின் மிகப் பெரிய மனிதர். பிறந்த குடும்பப் பெயர் மட்சுதா. 1958-இல் சுசூகி வீட்டுப் பெண்ணைக் கட்டி, அவர்கள் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்டார். இருபது வருஷம் கழித்து கம்பெனித் தலைவர். 2024 டிசம்பரில் 94 வயதில் காலமானார். அடுத்த மாதமே இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது. அப்பாவுக்கு இதைப் போனில் சொன்னபோது, "அவரு கம்பெனிக்கு மாப்பிள்ளையாப் போனாரு, நீ எதுக்குப் போன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விசாவுக்கு முன்னால் ஜப்பான் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே சென்னையில் இருந்ததால், ஜப்பானில் இருக்கும் உறவினர் என்ற முறையில் மாமியார் எனக்காக விண்ணப்பித்தார். குடும்பத்தைத் தாங்க வருமானம் இருக்கிறதா என்பதற்கு வழக்கமாக ஜப்பான் வரிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் வேலை பார்த்த என் மனைவியிடம் அது எப்படி இருக்கும்? சேமிப்புக் கணக்கையும் மாமியார் வீட்டு வருமானத்தையும் காட்டினோம்.

இதோடு எட்டுப் பக்கத்தில் ஒரு கேள்வித்தாள். முதலில் எங்கே பார்த்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், உங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், வீட்டில் யார் யாருக்குக் கல்யாணம் தெரியும், எல்லாம் எழுத வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் புகைப்படங்களும் வேண்டும். பொய்க் கல்யாணம் இல்லை என்று பார்ப்பதற்குத்தான். மனைவி எழுதினார், கொண்டுபோய்க் கொடுத்தவர் மாமியார். எங்கள் காதல் கதை அந்த அம்மாவுக்கு முழுசாகத் தெரிந்தது அந்தக் கேள்வித்தாளைப் படித்துத்தான்.

சான்றிதழுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். கைக்கு வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் கால் வைத்தாக வேண்டும். விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டை கொடுத்தார்கள். 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையில், 'வேலை செய்யக் கட்டுப்பாடு இல்லை' என்று அச்சாகியிருந்தது. ஜப்பானியரின் துணைக்கு அந்த உரிமை உண்டு. எந்த வேலையும் பார்க்கலாம், எத்தனை மணி நேரமும் பார்க்கலாம். நான் செய்த பெரிய தப்பு, அந்த வரியைப் படித்துவிட்டு வேலையே கிடைத்துவிட்டதாக நினைத்ததுதான்.

'ஹலோ வொர்க்' என்பது அந்நாட்டு அரசு வேலைவாய்ப்பு அலுவலகம். நம்மூரில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்போமே, அப்படி இல்லை. எதிரே உட்கார வைத்துப் பேசுவார்கள், நம் முன்னாலேயே கம்பெனிக்குப் போன் போடுவார்கள். காசு கிடையாது. எனக்கு வாய்த்த அம்மா பொறுமையானவர். பட்டம், எட்டு வருஷ அனுபவம், எல்லாவற்றையும் மனைவி எடுத்துச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பிறகு, "ஜப்பானிய மொழி எந்த நிலை?" என்றார். மொழித் தேர்வில் ஐந்து நிலை உண்டு, 'N5' அடியில், 'N1' உச்சியில். என்னிடம் ஒன்றும் இல்லை. மனைவியோடு ஆங்கிலமும் தமிழுமாகவே காலத்தை ஓட்டிவிட்டேன். வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இதுதான் கதி. அந்த அம்மா மூன்று கம்பெனிக்குப் போன் போட்டார். மூன்றிலும் முதல் கேள்வி அதேதான்.

நான்காவது, ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம், 'ஹாக்கென்' என்பார்கள். நேர்காணலில் எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில் தொழிற்சாலை வேலை பற்றி என்ன தெரியும் என்று கேட்டது மட்டும் புரிந்தது. செய்ரி, செய்டொன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், 'ஃபைவ் எஸ்', வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஐந்து ஜப்பானிய விதிகள். ஒவ்வொரு சுவரிலும் ஒட்டியிருப்பார்கள். கைசென், கெம்பா, போக்காயோகே என்று எனக்குத் தெரிந்த தொழிற்சாலைச் சொற்களை அடுக்கினேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை இரவு ஷிப்ட்.

எட்டு வருஷம் மற்றவர்கள் செய்த பொருளைச் சோதித்துத் தள்ளியவன், இப்போது லைனில் நின்று நட்டு முடுக்கினேன். இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை வேலைக்குச் சட்டப்படி 25 சதவீதம் கூடுதல் கூலி உண்டு. அதற்காகவே இரவைக் கேட்டு வாங்கினேன். பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் பிரேசில்காரர்கள். 1990-இல் குடிவரவுச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த பிறகு ஜப்பானிய வம்சாவளி பிரேசிலியர் கூட்டமாக வந்து சேர்ந்த ஊர் இது. அவர்களில் மூத்தவர் ஒருவர் முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார்: "இங்கே ஒப்பந்த ஆளாகவே இருந்துவிடாதே. 2008-இல் ஆர்டர் நின்றதும் எங்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள்." அவர் சொன்னது வெறும் பயம் இல்லை. 2009-இல், வேலை இழந்த அந்த வம்சாவளியினர் ஊர் திரும்ப ஜப்பான் அரசே ஆளுக்கு 3 லட்சம் யென் கொடுத்தது. வாங்கிக்கொண்டால் அதே விசாவில் உடனே திரும்பி வர முடியாது என்று நிபந்தனை இருந்தது.

அந்தப் பேச்சுதான் என்னை வகுப்புக்கு அனுப்பியது. ஜப்பானிய வாக்கிய அமைப்பு தமிழனுக்குக் கிட்டத்தட்ட சும்மா கிடைத்த வரம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், மரியாதை வினையிலேயே தெரியும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வகுப்பில் பிரேசில்காரர் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தை நான் விசிலடித்துக் கடந்தேன். கன்ஜி என்ற சீன வழி எழுத்து வந்தபோது நான் விழித்தேன், அவர் சிரித்தார். எழுத்து எல்லோருக்கும் மலைதான். 2019-இல் 'N3', 2021-இல் 'N2' தேறினேன். அதன் பிறகுதான் வேறொரு கம்பெனி நேரடியாக, தரக்கட்டுப்பாட்டுக்கே எடுத்தது. சென்னையில் விட்ட நாற்காலியில் திரும்ப உட்கார மூன்று வருஷம் பிடித்தது.

அதில் ஒன்றரை வருஷமாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். சான்றிதழுக்குக் காத்திருந்த மாதங்களில் சென்னையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொழித் தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. 'N4' கையில் இருந்திருந்தால் ஹலோ வொர்க் அம்மா போட்ட மூன்று போனில் ஒன்றாவது பலித்திருக்கும்.

இன்னொன்று ஓட்டுநர் உரிமம். டோக்கியோவில் ரயில் போதும். ஹமாமட்சு போன்ற ஊரில் வேலை விளம்பரத்திலேயே கார் உரிமம் வேண்டும் என்றிருக்கும். இந்திய உரிமத்தை மாற்றித் தருவார்கள், ஆனால் உரிமம் வாங்கிய பிறகு இந்தியாவில் குறைந்தது மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. என் காலத்தில் பத்துக் கேள்வி. 2025 அக்டோபரிலிருந்து ஐம்பது கேள்வி, 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டிக் காட்டுவதில் நான் இரண்டு தடவை தோற்றேன். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு இடையில் பைக் ஓட்டியவனை, திரும்பும்போது தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை என்று இறக்கிவிட்டார்கள்.

இதுவரை சொன்னது ஜப்பானியரைக் கட்டியவர் கதை. எனக்கு வரும் போன்கள் வேறு மாதிரி. டோக்கியோவில் எடோகாவா வட்டாரத்து நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. கணவருக்கு ஐடி வேலை, மனைவி பி.இ. படித்து நாலைந்து வருஷம் வேலையும் பார்த்தவர், சார்ந்திருப்போர் விசாவில் கூடப் போகிறார். சில வீடுகளில் இது தலைகீழ். இவர்கள் அட்டையில், 'வேலை செய்யக்கூடாது' என்றே இருக்கும். தனியாக விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கும், கட்டணம் இல்லை. அட்டையின் பின்புறம் அதைக் குறிப்பார்கள். வாரத்துக்கு 28 மணி நேரம். இரண்டு கடையில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டி 28. எந்த நாளிலிருந்து ஏழு நாள் எண்ணினாலும் தாண்டக் கூடாது. தாண்டினால் விசா நீட்டிக்கும்போது சிக்கல், வேலை கொடுத்தவருக்கும் தண்டனை.

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த 28-லேயே கிடக்க வேண்டியதில்லை. பட்டத்துக்கு ஏற்ற முழுநேர வேலை கிடைத்தால், ஜப்பானில் இருந்தபடியே பொறியாளர் வகை விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்போது பட்டச் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு வேலை பார்த்த கம்பெனிகளின் அனுபவச் சான்றும் கேட்கலாம். ஒரு பெண் அழுதுகொண்டே போன் செய்தார். வேலை கொடுக்கக் கம்பெனி தயார், சான்றிதழ் கோயம்புத்தூரில் மாமியார் பீரோவில். சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. புடவைக்குப் பதில் அந்தக் கோப்பைப் பெட்டியில் வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

குழந்தை இருந்தால் இன்னொரு முடிச்சு. அரசுக் காப்பகத்தில் இடம் கேட்டால் தாய் தந்தை இருவரும் வேலையில் இருக்கும் சான்று வேண்டும். குழந்தையை விட இடமில்லாமல் வேலை எப்படித் தேடுவது? வேலை தேடுவதையும் ஒரு காரணமாகக் காட்டலாம், சில மாதத்துக்கு மட்டும். வேலையில் இருப்பவர்களுக்குப் பின்னால்தான் வரிசை.

கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும். இந்த விசா திருமணத்தின் மேல் நிற்கிறது. விவாகரத்து ஆனால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தச் சம்பளம் இருக்கிற பெண்ணுக்கு அந்த 14 நாள் ஒரு மாதிரி, இல்லாதவருக்கு வேறு மாதிரி. ஆகவே எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யும்போது இரண்டாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் வேலை இருப்பவராகத்தான் இருப்பார்.

அங்கே எல்லோரையும் குடும்பப் பெயரால் அழைப்பார்கள். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர், வேலுசாமி. அவர்கள் வாயில் 'வே' நுழையாது, 'லு'வும் நுழையாது. ஃபேக்டரியிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் 'பெருசாமி-சான்'. 'சான்', 'சாமா' எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொற்கள். போன வருஷம் அப்பா வந்திருந்தார். எனக்குப் பல்வலி, டாக்டரிடம் போனபோது அவரையும் கூட அழைத்துப் போயிருந்தேன். உள்ளிருந்து நர்ஸ், "பெருசாமி-சாமா" என்று கூப்பிட்டார். நான் எழுவதற்குள் அப்பா எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "என்னைய எதுக்குடா கூப்பிடுறாங்க?" என்றார்.

வணக்கம்.