மாவு யாருடையது? (பட்டிமன்றத்தில் ‘கலையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, அரங்கு நிறைந்திருக்கும் நியூயார்க் குயின்ஸ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். நேரம் குறைவு, வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டுக் கட்டுவது கலையா, களவா? தலைப்பு இதுதான். நான் ‘கலையே’ அணி. இந்த அணியில் என்னைப் போட்டவர் நடுவர். களவு அணியில் போட்டிருந்தால் இதைவிட நன்றாகவே பேசியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

முன்னால் பேசிய அண்ணன் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “அடுத்த வீட்டு மாவைத் தூக்கி வந்து தோசை வார்த்தவனுக்குச் சமையல் சக்கரவர்த்தி என்று பட்டமா?” அரங்கம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். பக்கத்தில் எங்கள் அணித் தலைவி முறைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

தோசை விஷயத்தில் அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் நான். கவுண்டருக்குப் போனதும் அண்ணன் என்ன கேட்டார்? ‘மாவு யார் அரைத்தது’ என்றா கேட்டார்? ‘மொறுமொறுவென்று வருமா’ என்று கேட்டார்! வாங்கினார், சாப்பிட்டார், இன்னொன்றும் வாங்கினார். மாவைப் பற்றிய விசாரணைக் கமிஷன் இன்றைக்குத்தான் தொடங்கியிருக்கிறது.

சரி, விசாரித்தே விடுவோம். இதே குயின்ஸில், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம், லிண்டன் பூல்வார்டை ஒட்டி வளர்ந்த இரண்டு பையன்கள். ஒருவர் க்யூ-டிப், இன்னொருவர் ஃபைஃப் டாக். கூடவே புரூக்ளின்காரர் அலி ஷாஹீத் முஹம்மத். ‘எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்’ என்பது இந்த ஹிப்ஹாப் குழுவின் பெயர். 1990-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு, ராக் பாடகர் லூ ரீடின் பழைய பாட்டிலிருந்து பாஸ் இசையை, அதாவது அடியில் ஓடும் கனத்த நாதத்தை, எடுத்துக்கொண்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பணம்? முழுவதும் லூ ரீடுக்குப் போனது. தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று ஃபைஃபே பிற்பாடு சொன்னார்.

அண்ணன் சிரிக்கிறார். ‘மாவுக்காரனுக்குக் காசு போனது நியாயம்தானே’ என்கிறது அந்தச் சிரிப்பு. பொறுங்கள் அண்ணா! அந்த பாஸை வாசித்தது லூ ரீடே அல்ல. ஹெர்பி ஃபிளவர்ஸ் என்ற ஸ்டூடியோ கலைஞர். 1972, லண்டன். முதலில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ஒரு தடவை வாசித்தார். பிறகு அதன் மேலேயே பாஸ் கிட்டாரில் இன்னொரு தடவை வாசித்து இழைத்தார். எதற்கு? இரண்டு வாத்தியம் வாசித்தால் இரட்டைச் சம்பளம்! அவரே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆக, மாவு அரைத்தவருக்கு அன்றைய கூலி. கடைக்காரருக்குக் காலமெல்லாம் வருமானம். தோசை வார்த்த பையன்களுக்குப் பட்டை நாமம். இதில் களவாணி யார் என்பதை அண்ணனே சொல்லட்டும்.

நாமம் போட்டுக்கொண்ட பையன்கள் மறுபடியும் கல்லைக் காய வைத்தார்கள். 1991 செப்டம்பர் 24. இரண்டாவது ஆல்பம், ‘தி லோ எண்ட் தியரி’. முதல் பாட்டில் எடுத்த எடுப்பில் பாஸ் மட்டும் தனியாக நடந்து வரும். அது ஆர்ட் பிளேக்கியின் ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற ஜாஸ் குழு 1973-இல் பதிந்த ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. கூடத்தில் சங்கீதம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், கேளுங்கள்: மூலத்தில் அது திஸ்ரத்தில், மூன்று மூன்றாக, நடக்கிறது. க்யூ-டிப் அதைச் சதுஸ்ரத்தில், நான்கு நான்காக, உட்கார வைத்திருக்கிறார். அப்படியே தூக்கி ஒட்டினால் ஒட்டாது. ஒலித்துண்டுகளை வெட்டிப் பதிய உதவிய, அந்தக் காலத்து எஸ்பி-1200 கருவிக்குள் மொத்தமே பத்து வினாடி ஒலிக்குத்தான் இடம். இசைத்தட்டை வேகமாக ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே கொண்டுபோய் வேகத்தைக் குறைத்து, இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். பழைய தட்டின் கரகரப்பைத் துடைத்தெடுத்துத் தர பாப் பவர் என்ற ஒலிப்பதிவாளர். இவ்வளவு பாடுபட்டுத் திருடும் திருடன் எங்கேயாவது உண்டா? அந்த உழைப்பில் ஒரு வேலைக்கே போய்விடலாமே!

அந்த பாஸின் மேல் க்யூ-டிப் முதலில் என்ன பாடுகிறார் தெரியுமா? பதின்வயதுப் பையன் வீட்டில் ஹிப்ஹாப் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா வருகிறார், ‘இதைக் கேட்டால் எனக்கு பீபாப் ஞாபகம் வருகிறது’ என்கிறார். பீபாப் என்பது பழைய ஜாஸ் பாணி. கூடத்தில் உள்ள அப்பாக்களே, உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? ‘அந்தச் சனியனை நிறுத்து’ என்பீர்கள்.

இனி ரான் கார்ட்டர் கதை. இதைச் சொல்லத்தான் நான் வந்ததே.

ரான் கார்ட்டர் யார்? ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் டபுள் பாஸ் வாசித்தவர். 2,200-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் வாசித்து கின்னஸில் இடம் பிடித்தவர். அந்த மனிதரிடம் இருபது வயதுப் பையன் க்யூ-டிப் போய், எங்கள் பாட்டுக்கு வாசிக்க வேண்டும் என்று கேட்கிறார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பாட்டில் கெட்ட வார்த்தை கூடாது. பையன், நாங்கள் நிஜமான விஷயங்களைத்தான் பேசுகிறோம் என்றார். பெரியவர் வந்து வாசித்தார்.

புரியாதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். மணியை நோக்கிக் கை போகிறது நடுவர் அவர்களே, கொஞ்சம் கருணை காட்டுங்கள். அந்த அறையில் நான் இல்லை. பட்டிமன்றப் பேச்சாளனுக்கு அது ஒரு தடையா? ஐம்பதைக் கடந்த வித்வான், கோட்டும் டையுமாக. ஆளை விட உயரமான வாத்தியம். எதிரே தொளதொளச் சட்டையில் பையன்கள். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் முதுகு தானாக நிமிர்ந்திருக்கும். அவர் சம்பளம் பேசினாரோ இல்லையோ, வாயைக் கழுவச் சொன்னார். பெற்ற தாய் சொல்லிக் கேட்காததை இந்தப் பிள்ளைகள் ஒரு பாஸ் வித்வானுக்காகக் கேட்டார்கள்!

இன்னும் ஒரே ஒரு தடவை, பெரியவர் பக்கம் நின்று பாருங்கள். பத்து வயதில் செல்லோ பிடித்த கை அது. கறுப்பர் என்பதால் மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுக்களின் கதவு திறக்கவில்லை. ஜாஸுக்கு வந்தார், உலகம் கும்பிட்டது. அந்த மனிதருக்குத் தெரியாதா, எவன் திருட வருகிறான், எவன் கற்க வருகிறான் என்று? பாட்டு முடிகிற இடத்தைக் கேளுங்கள். பாஸில் ரான் கார்ட்டர், பாஸில் ரான் கார்ட்டர் என்று க்யூ-டிப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி நன்றி கூறுகிறார். எந்தத் திருடன் அண்ணா வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைக் கூவிவிட்டுப் போவான்?

அங்கே ஒரு முணுமுணுப்பு. ‘ரான் கார்ட்டர்தான் நேரில் வந்து வாசித்தாரே, அது எப்படி வெட்டி எடுத்தது ஆகும்?’ நல்ல கேள்வி. கடைசியில் பதில் சொல்கிறேன்.

எதிரணிச் சகோதரி நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். உண்மைதான். அதே 1991 டிசம்பரில், ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில், ‘திருடாதே’ என்ற வேத வாசகத்தோடுதான் நியூயார்க் நீதிபதி தீர்ப்பையே தொடங்கினார். அனுமதி வாங்காமல் எடுத்தது தவறு என்றார். சகோதரி, சட்டம் ரசீது கேட்டது, கொடுக்க வேண்டியதுதான். நான் சொன்ன ‘தி லோ எண்ட் தியரி’ ஆல்பத்தையே 2022-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. களவுப் பொருளை அரசாங்கமே பாதுகாத்து வைக்குமா? இதற்கு மேல் சட்டம் பேச எனக்கு நேரமில்லை. மணி அடித்துவிட்டீர்கள்.

ஃபைஃப் டாக்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

குள்ளமான பையன். டிரினிடாடிலிருந்து வந்த குடும்பம். அம்மா கவிஞர். முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளில்தான் வந்து போவார், அக்கறையில்லாமல் திரிந்த காலம். அது வெளிவந்த கொஞ்ச நாளில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ரயிலில் தற்செயலாக எதிர்ப்பட்ட க்யூ-டிப், அடுத்த ஆல்பத்துக்கு நீ வேண்டும், ஆனால் பொறுப்பாக வர வேண்டும் என்றார். வந்தார். அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டை ஃபைஃப்தான் தொடங்குகிறார். கேட்டுப் பாருங்கள், ‘நான் வந்துவிட்டேன்’ என்று கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற குரல்.

நோய் விடவில்லை. 2008-இல் மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். ஒரு உடம்பிலிருந்து எடுத்து இன்னொரு உடம்பில் வைத்தார்கள். அதன் பிறகு ஏழெட்டு வருடம் வாழ்ந்தார், பாடினார், சண்டை போட்டுப் பிரிந்த நண்பர்களோடு மறுபடி சேர்ந்தார். 2016 மார்ச்சில், 45 வயதில் போய்விட்டார். சேர்ந்து பதிந்த கடைசி ஆல்பம் நவம்பரில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். பார்க்க அவர் இல்லை. அதே மாதம் லிண்டன் பூல்வார்டும் 192-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் அவர் பெயரில் பலகை வைத்தார்கள். இந்த மண்டபத்திலிருந்து காரில் போனால் பார்த்துவிட்டு வரலாம், போய்ப் பாருங்கள்.

மகன் போன துக்கத்தை அம்மா கவிதைகளாக எழுதி நூலாக்கினார். தலைப்பில் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டார் தெரியுமா? ‘மாமா ஃபைஃப்’. நம்ம ஊர் மாமா இல்லை, ஆங்கில ‘மாமா’, அம்மா! மகன் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயரை அம்மா எடுத்துத் தன் நூலின் முகப்பில் வைத்துக்கொண்டார். பெற்றவர்கள் நிறைந்த இந்தக் கூடத்தில் கேட்கிறேன்: அந்தத் தாயைப் பார்த்து, யாரைக் கேட்டு அம்மா இந்தப் பெயரை எடுத்தாய் என்று கேட்க, எதிரணியில் ஒருவருக்காவது நாக்கு வருமா?

மறுபடியும் மணி. ரான் கார்ட்டர் கேள்விக்குப் பதில் பாக்கி என்று அண்ணன் கையைக் காட்டுகிறார். இருக்கட்டும் அண்ணா, கேன்டீனில் பேசிக்கொள்வோம். நன்றி, வணக்கம்.